நாள் நெருங்குது: கல்லில் வெட்டாத ஒரு கணக்கு

உத்திரமேரூர் என்றால் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்த குடவோலைதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, 919-லும் 921-லும் வெட்டியவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள். 35 வயதுக்குக் குறையாமல், 70-ஐத் தாண்டாமல் இருக்க வேண்டும், வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், கணக்குக் காட்டாமல் விட்டவன் மட்டுமல்ல, அவனுடைய சொந்தக்காரர்களும் ஓலையில் பெயர் எழுத லாயக்கில்லை. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்று அவ்வளவு கறார். கணக்கு என்றால் உத்திரமேரூர்தான் என்று சொல்லலாம்.

அதே ஊரில், அதே தெருக்களில், அந்தக் கல்வெட்டுக்கு முன்னாலிருந்தே இன்னொரு கணக்கும் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும். மாதவிலக்கு எப்போது வரும் என்று ஒவ்வொரு பெண்ணும் மனசுக்குள் போடும் கணக்கு. அதை யாரும் கல்லில் வெட்டவில்லை, ஓலையிலும் அதிகம் எழுதவில்லை. எழுதியதும் பெரும்பாலும் வந்த பிறகு என்ன செய்யக்கூடாது என்பதைத்தான். வருவதற்கு முந்தைய நாட்களைப் பற்றிய வரலாறு என்று தேடினால் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. அந்தத் துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு கேள்வி வருகிறது. வரப்போவது முன்கூட்டியே தெரிந்ததால் யாருக்கு லாபம்? அந்தப் பெண்ணுக்கா, வீட்டுக்கா?

முதலில் உடம்பு என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். "இடுப்பு கடுக்குது", "அடிவயிறு இழுத்துப் பிடிக்குது", "கால் குடையுது" என்று கிராமத்தில் சொல்வதெல்லாம் இதில் வரும். மார்பு கனத்து, தொட்டால் வலிக்கும். வயிறு உப்பிப் பாவாடை நாடா இறுக்கும். நெற்றியிலோ தாடையிலோ ஒரு பரு கிளம்பும். தலைவலி, தூக்கம் கெடுவது, இனிப்பையோ காரத்தையோ தேடித் தின்பது, காரணமே இல்லாமல் அழுகை, சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவது. சிலருக்கு முதல் நாள் வயிறு இளகிப் போகும். எல்லாருக்கும் எல்லாமும் வராது. ஒன்றுமே இல்லாமல் திடீரென்று வருபவர்களும் உண்டு. ஆனால் ஒரு பெண்ணுக்கு எது வருகிறதோ அதுதான் அநேகமாக மாதாமாதம் வரும். அதனால்தான் இரண்டு மூன்று மாதம் கவனித்தால் பிடிபட்டுவிடுகிறது.

காரணமும் இப்போது நன்றாகத் தெரியும். சினைமுட்டை வெளிவந்த பிறகு புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் கூடுகிறது. உடம்புச் சூடுகூட 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். கரு தரிக்கவில்லை என்றால் சுமார் 14 நாளில் அந்த ஹார்மோன் சரிந்து, கருப்பையின் உள்படலம் உரிய ஆரம்பிக்கிறது. அப்போது சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின்கள் கருப்பைத் தசையை முறுக்குகின்றன, வலி அதனால்தான். மாதவிலக்கு ரத்தத்தில் தசையைச் சுருக்கும் இப்படி ஒரு பொருள் இருக்கிறது என்று பிக்கிள்ஸ் என்ற ஆங்கில விஞ்ஞானி காட்டியது 1957-ல். அதுவரை "எல்லாம் மனப்பிரமை" என்று சொன்ன டாக்டர்கள் நிறையப் பேர். அதற்குப் பிறகும் சொன்னவர்கள் உண்டு, அது வேறு கதை.

இனி நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். இந்த விஷயத்துக்குத் தமிழில் உள்ள சொற்களைப் பார்த்தாலே பாதி வரலாறு தெரிந்துவிடும். தூரம், வீட்டுக்குத் தூரம், விலக்கு, தீட்டு, ஒதுங்கியிருக்கிறாள். எல்லாமே அந்தப் பெண் எங்கே இருக்க வேண்டும் என்பதைச் சொல்கின்றனவே தவிர அவளுக்கு என்ன நடக்கிறது என்பதைச் சொல்லவில்லை. கர்ப்பமாக இருப்பவளை "முழுகாம இருக்கா" என்பார்கள். தூரம் முடிந்து தலைக்கு ஊற்றிக்கொள்ளும் குளியல் இந்த மாதம் நடக்கவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். அதாவது ஒரு மருமகள் எந்த நாளில் முழுகினாள், எந்த மாதம் முழுகவில்லை என்று வீடே கவனித்துக்கொண்டிருந்திருக்கிறது. அவள் சொல்லவே வேண்டாம், கொல்லைப்புறம் சொல்லிவிடும். ஆனால் வருவதற்கு முந்தைய அந்த நாலைந்து நாள் அவஸ்தைக்கு மட்டும் தனியாக ஒரு பெயர் இல்லை.

பழைய நூல்களிலும் இதே நிலைதான். புறநானூற்று 299-ஆம் பாட்டில் பொன்முடியார் ஒரு உவமை வைக்கிறார். பகைவரின் குதிரைகள் போர்க்களத்தில் ஒடுங்கி நிற்பதை, முருகன் கோட்டத்தில் பாத்திரங்களைத் தொடாமல் ஒதுங்கி நிற்கும் பெண்களோடு ஒப்பிடுகிறார். குதிரையைச் சொல்ல வந்த இடத்தில் போகிற போக்கில் வந்த செய்தி என்பதால்தான் இது முக்கியம். கேட்பவர்களுக்கெல்லாம் தெரிந்த பழக்கமாக இருந்தால்தானே உவமையாகும்! தொல்காப்பியக் கற்பியலில் பூப்பு வந்ததை அடுத்து 12 நாள் கணவன் மனைவியைப் பிரிந்திருக்கக்கூடாது என்று ஒரு விதி வருகிறது. சுசுருத சம்ஹிதையும் கருத்தரிக்கும் காலத்தை 12 இரவு என்றே கணக்கிடுகிறது. ஆக நாள் எண்ணும் வழக்கம் ரொம்பப் பழசு. எண்ண ஆரம்பிக்கும் இடம் எப்போதும் ரத்தம் பட்ட நாள், எண்ணுவதன் நோக்கம் பிள்ளை. அதற்கு முந்தின வாரம் அந்தக் கணக்கிலேயே வராது.

வீட்டுக்குள் கதை வேறு. அங்கே முந்தின வாரம்தான் ரொம்ப முக்கியம். தூரமானால் சமையலறைக்குள் வரக்கூடாது, ஊறுகாய் ஜாடியைத் தொடக்கூடாது, சாமி விளக்கு ஏற்றக்கூடாது. அப்படி இருக்கும்போது நாளைக்குக் கூழ் ஊற்றும் திருவிழா, நாளன்றைக்குத் திதி என்றால், இன்றைக்கே இடுப்பு கடுக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். மாமியாரிடம் "எனக்கு நாள் நெருங்குது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலைகள் எல்லாம் மாற்றிப் போடப்படும். கல்யாணத்துக்கு நாள் குறிக்கும்போதும் இதேதான். பஞ்சாங்கம் ஒரு பக்கம், மண்டபம் கிடைப்பது ஒரு பக்கம். நடுவில் பெண்ணின் அம்மா உள்ளே போய் மகளிடம் ரகசியமாக ஒரு தேதி கேட்டுவிட்டு வருவார். வெளியே உட்கார்ந்திருக்கும் ஆண்களுக்கு ஐயர் குறித்த முகூர்த்தம்தான் தெரியும். உண்மையில் அதை முடிவு செய்தது சமையலறைக் கதவுக்குப் பின்னால் நடந்த அரை நிமிடப் பேச்சு.

எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில் எப்படி எண்ணினார்கள்? அமாவாசையும் பௌர்ணமியும்தான் சுவர்க் காலண்டர். "போன தடவை அமாவாசைக்கு ரெண்டு நாள் முந்தி" என்று அடையாளம் வைத்துக்கொள்வது. இதில் ஒரு சின்னச் சிக்கல். நிலாவுக்கு ஒரு சுற்று 29 1/2 நாள். ஒரு பெண்ணுக்கு 28 நாள் சுற்று என்றால் மாதம் ஒன்றரை நாள் முன்னால் தள்ளும். ஒரு வருடத்தில் 18 நாள் வித்தியாசம் வந்துவிடும். அதனால் நிலாவை மட்டும் நம்ப முடியாது, இடுப்பையும் கேட்டாக வேண்டும். பிறகு தினசரி காலண்டர் வந்தது, பால் கணக்குக்கும் சிலிண்டர் வந்த தேதிக்கும் நடுவில் யாருக்கும் புரியாத ஒரு சின்னப் புள்ளி வைக்கும் பழக்கமும் வந்தது. அந்தப் புள்ளி எதற்கு என்று பெரும்பாலான வீட்டு ஆண்கள் கேட்டதே இல்லை.

இதில் எல்லோரையும்விட அதிகம் மாட்டிக்கொள்வது முதல் முறை வரும் பெண் குழந்தைதான். வந்துவிட்டால் ஊருக்கே தெரியும். தாய்மாமன் பச்சை ஓலையில் குச்சு கட்டுவார், உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுப்பார்கள், மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் பத்திரிகை, பேனர், மைக் செட். ஆனால் அதற்கு முந்தின நாள் வரை அந்தப் பெண்ணிடம் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்! இத்தனைக்கும் உடம்பு ரொம்ப முன்னாலேயே சொல்லிவிடுகிறது. மார்பு வளர ஆரம்பித்து சுமார் இரண்டு, இரண்டரை வருடத்தில் முதல் மாதவிலக்கு வருவது வழக்கம். கிடுகிடுவென்று உயரும் வேகம் சற்றுத் தணிந்த பிறகுதான் வரும். 6 மாதம் முதல் ஒரு வருடம் முன்பே லேசாக வெள்ளைப்படும். இதை ஒரு அம்மாவோ அக்காவோ டீச்சரோ ஐந்து நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருந்தால், பாவாடையில் ரத்தத்தைப் பார்த்துத் தனக்கு ஏதோ பெரிய வியாதி என்று நினைத்து வகுப்பறையில் உறைந்து உட்கார்ந்த எத்தனையோ பிள்ளைகள் தப்பித்திருப்பார்கள்.

மேல்நாட்டு மருத்துவமும் இந்த முந்தின வாரத்தைக் கண்டுகொள்ள வெகு காலம் ஆனது. 19-ஆம் நூற்றாண்டில் பல டாக்டர்கள், நாய்க்குப் பருவம் வரும்போது ரத்தம் கசிவதைப் பார்த்து, பெண்ணுக்கும் மாதவிலக்கு நாளில்தான் முட்டை வெளிவருகிறது என்று நம்பினார்கள். அது தப்பு என்று நிரூபித்தவர்கள் இருவர். ஜப்பானின் நீகாட்டாவில் ஒகினோ கியூசாகு 1924-ல், ஆஸ்திரியாவின் ஹெர்மன் கனாஸ் அதற்குச் சில வருடங்கள் கழித்து. இருவரும் ஒருவரை ஒருவர் அறியாமலேயே ஏறக்குறைய ஒரே முடிவுக்கு வந்தார்கள். அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் இரண்டு வாரம் முன்னால்தான் முட்டை வருகிறது. போன தடவையிலிருந்து முன்னோக்கி எண்ணாமல், வரப்போவதிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும் என்று சொன்னதுதான் இதில் புதுசு.

1931-ல் நியூயார்க்கில் ராபர்ட் ஃபிராங்க் என்ற மகப்பேறு மருத்துவர், மாதவிலக்குக்கு 7 முதல் 10 நாள் முன்னால் தொடங்கி, வந்தவுடன் நின்றுவிடும் படபடப்பையும் எரிச்சலையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இந்த அவஸ்தைக்கு மருத்துவத்தில் முதன்முதலாகப் பெயர் கிடைத்தது அப்போதுதான். நோயைக் கண்டுபிடித்தவரின் வைத்தியம்தான் பயங்கரம், கடுமையாக இருந்தவர்களுக்குச் சினைப்பையில் எக்ஸ்ரே கதிர் பாய்ச்சினார். 1953-ல் இங்கிலாந்தில் கேத்தரினா டால்ட்டனும் ரேமண்ட் கிரீனும் இதை விரிவாக எழுதினார்கள். டால்ட்டனுக்கே மாதாமாதம் வரும் ஒற்றைத் தலைவலி, கர்ப்பமாக இருந்தபோது காணாமல் போனது. அதைக் கவனித்துத்தான் இந்த ஆராய்ச்சிக்குள் வந்தார். ஒரு பெண் தன் உடம்பைக் கவனித்ததால் வந்த மருத்துவம் என்று இதை தாராளமாகச் சொல்லலாம். இதன் மிகக் கடுமையான வடிவம் தனி மனநலக் கோளாறாக அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் முழுதாக இடம் பிடித்தது 2013-ல்.

ஒகினோவின் கணக்கு இந்தியாவுக்கு வந்த விதம் சுவாரசியமானது. சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் காந்தியவாதி. கருத்தடைச் சாதனங்களில் அவருக்கு உடன்பாடில்லை, நாள் பார்த்து ஒதுங்கியிருப்பதை ஏற்றுக்கொண்டார். 1950-களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு, ஏப்ரஹாம் ஸ்டோன் என்ற அமெரிக்க மருத்துவரின் யோசனைப்படி, டெல்லி லோதி காலனியிலும் மைசூர் ராஜ்யத்து ராமநகரத்திலும் சோதனை தொடங்கியது. (பின்னாளில் "ஷோலே" படம் எடுத்த அதே ராமநகரம்தான்.) எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்காக மணிமாலை கொடுத்தார்கள். தினம் ஒரு மணி தள்ள வேண்டும், பச்சை மணி என்றால் பயமில்லை, சிவப்பு மணி என்றால் கரு தரிக்கும் நாள். மாலையைக் கழுத்தில் போட்டாலே பிள்ளை உண்டாகாது என்று சிலர் நினைத்துவிட்டார்கள் என்பது இந்தத் திட்டத்தைப் பற்றி எழுதும் எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை.

சிரிக்க வேண்டியது அங்கே இல்லை. மணிமாலைக்கு எல்லா மாதமும் ஒரே நீளம். பிள்ளைக்குப் பால் கொடுப்பவள், ரத்த சோகைக்காரி, ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வெயிலில் வேலை செய்பவள், இவர்களுக்கெல்லாம் மாதம் அப்படி ஒழுங்காக வராது. வளர்ந்த பெண்களுக்கு 21 முதல் 35 நாள் வரை எதுவும் சாதாரணம். வயதுக்கு வந்த புதிதில் 45 நாள்கூட ஆகலாம், முதல் இரண்டு மூன்று வருடம் முன்பின்னாகத்தான் இருக்கும். ஒரே பெண்ணுக்கே ஒரு மாதம் 27, அடுத்த மாதம் 31 என்று வரும். திட்டம் பெரிய பலன் தராமல் ஓய்ந்துபோனது. ஆனாலும் கிராமத்துப் பெண்ணிடம் அரசாங்கம் போய் "உனக்கு எத்தனை நாளைக்கு ஒரு தடவை?" என்று கேட்டது நம் நாட்டில் ஒரு புது விஷயம். என்ன செய்ய, அப்போதும் கேட்டது ஜனத்தொகைக்காகத்தான். இடுப்பு கடுக்கிறதா என்று கேட்கவில்லை.

இதே காலத்தில், 1951-ல் மெக்சிகோவில் நோரெத்திஸ்டிரோன் என்ற மருந்தைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். கருத்தடை மாத்திரைக்கு வழிவகுத்த கண்டுபிடிப்புகளில் இது ஒன்று. இந்த மருந்து தமிழ்நாட்டு வீடுகளுக்குள் நுழைந்த காரணம் வேறு. கல்யாணம், கிரகப்பிரவேசம், கோயில் குடமுழுக்கு என்றால் "தள்ளிப்போட மாத்திரை" என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குவது. எதிர்பார்க்கும் தேதிக்கு மூன்று நாள் முன்னாலேயே ஆரம்பித்தாக வேண்டும், நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். ஆக இங்கேயும் நாள் நெருங்குவது தெரிந்தே ஆக வேண்டும். பாட்டி காலத்தில் அந்த அறிவு ஒதுங்கிப் போகப் பயன்பட்டது, பேத்தி காலத்தில் மாத்திரை போடப் பயன்படுகிறது. ரத்தம் உறையும் பிரச்சினை உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை ஆபத்து, டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது. டாக்டரிடம் போகாமல் மாமியோ அத்தையோ சொன்ன அளவில் விழுங்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இந்தக் கணக்கே வேண்டாம் என்று சொன்ன இடமும் பக்கத்திலேயே இருக்கிறது. உத்திரமேரூரிலிருந்து கிழக்கே மதுராந்தகம் போய் ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே திரும்பினால் மேல்மருவத்தூர். 2019-ல் செங்கல்பட்டு மாவட்டம் பிரியும்வரை அதுவும் காஞ்சிபுரம் மாவட்டம்தான். பங்காரு அடிகளார் அமைத்த ஆதிபராசக்தி சித்தர் பீடத்தில் பெண்கள் கருவறைக்குள் போய்ப் பூஜை செய்யலாம், மாதவிலக்கு நாளாக இருந்தாலும் தடையில்லை. சபரிமலையில் 10 முதல் 50 வயதுப் பெண்கள் போகக்கூடாது என்று 1991-ல் கேரள உயர்நீதிமன்றமே சொன்ன காலத்தில், இங்கே சிவப்புப் புடவை கட்டி இருமுடி சுமந்து பெண்கள் பஸ் பஸ்ஸாக வந்துகொண்டிருந்தார்கள். அடிகளார் 2023-ல் காலமானார். அவரைப் பற்றி ஆயிரம் கருத்து இருக்கலாம். ஆனால் சுற்று வட்டாரக் கிராமத்துப் பெண்களுக்கு இது சாதாரண விடுதலை இல்லை. கோயிலுக்குத் தேதி குறிக்கும்போது மாத்திரை வேண்டாம், யாரிடமும் ரகசியம் சொல்ல வேண்டாம். ஆனால் அங்கே கும்பிட்டுவிட்டு வீடு திரும்பினால் அதே பெண் திண்ணையில்தான் உட்கார வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அரசாங்கம் பெண்ணின் சௌகரியத்துக்காகவே இந்த விஷயத்துக்குள் வந்தது என்றால் 2011-ல் அறிவித்த "புதுயுகம்" திட்டத்தைத்தான் சொல்ல வேண்டும். 10 முதல் 19 வயது வரையுள்ள கிராமத்துப் பெண்களுக்கு இலவச நாப்கின், இரண்டு மாதத்துக்கு 3 பாக்கெட், ஒவ்வொன்றிலும் 6. வருடத்துக்கு 108 வரும், மாதத்துக்கு 9. ஐந்து நாள், நாளைக்கு மூன்று என்றாலே 15 வேண்டும். மீதிக்குத் துணிதான், அல்லது கடை. குறைதான் என்றாலும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முன்னால் வைத்து இந்தப் பேச்சை எடுத்ததே பெரிய மாற்றம். பையில் ஒரு நாப்கின் இருந்தால், "ரெண்டு நாளா முதுகு வலிக்குது, இன்னைக்கு வந்துடும்" என்று ஒரு பெண்ணுக்குத் தெரிவதில் அவளுக்கே ஒரு பிரயோஜனம் இருக்கிறது. அந்த அறிவால் அவள் பரீட்சை எழுதலாம், நடவுக்குப் போகலாம், பஸ்ஸில் நிம்மதியாக உட்காரலாம். ஆனால் வலியில் வாந்தி வருகிறது, ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிறது என்றால் அது சாதாரண அறிகுறி இல்லை, ஆரம்ப சுகாதார நிலையத்துக்காவது போய்க் காட்ட வேண்டும்.

இப்போது சுவர்க் காலண்டர் புள்ளி செல்போனுக்குள் போய்விட்டது. போன தடவை தேதியைக் கொடுத்தால் அடுத்தது எப்போது என்று ஆப் சொல்லிவிடும். அது போடுவதும் பெரும்பாலும் ராமநகரத்து மணிமாலைக் கணக்குதான். சராசரி எடுத்து முன்னோக்கி எண்ணுகிறது, ஒழுங்காக வராதவர்களிடம் தோற்கிறது. பரு கிளம்பியதையும் வயிறு உப்பியதையும் நாமாகப் பதிந்தால்தான் அதற்குத் தெரியும். பதிந்தால் வேறு ஒரு வம்பு. ஃப்ளோ என்ற பிரபலமான ஆப், பெண்கள் நம்பிக் கொடுத்த தகவல்களை ஃபேஸ்புக், கூகுள் போன்ற நிறுவனங்களுக்குத் தெரிய விட்டது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டி, 2021-ல் அந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. பால் கணக்குக்கும் சிலிண்டர் தேதிக்கும் நடுவில் வைத்த புள்ளி, கூடத்திலேயே எல்லோர் கண் முன்னாலும் தொங்கியும் வருடக்கணக்கில் ரகசியமாகத்தான் இருந்தது.